பழைய யார்டு நிரலும் சர்வர்லெஸ் ஃபங்ஷன்களும்: எதை மாற்றுவது, எதை விடுவது

மணலிக்கும் திருவொற்றியூருக்கும் இடையில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டில், 2002ஆம் ஆண்டில் விஷுவல் பேசிக் 6இல் (சுருக்கமாக வி.பி.6) எழுதப்பட்ட நிரல் ஒன்று இன்றும் நாள்தோறும் பில் போட்டுக்கொண்டிருக்கிறது. எழுதியவர்களில் நானும் ஒருவன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை எண்ணூர்ப் பக்கத்தையே மூழ்கடித்தபோது, அந்த நிரல் ஓடும் கணினியை மேசை மேலும், பிறகு மேசைக்கு மேல் போட்ட நாற்காலி மேலும் தூக்கி வைத்துத்தான் இருபது ஆண்டுக் கணக்கைக் காப்பாற்றினார்கள். தண்ணீர் வடிந்தபின் உரிமையாளர் கேட்ட கேள்வி இதுதான்: இதை அப்படியே கிளவுடுக்கு, அதுவும் நமக்கெனச் சர்வர் வைக்காமல் அழைப்பு வரும்போது மட்டும் நிரல் ஓடும், எல்லோரும் சொல்லும் சர்வர்லெஸ் முறைக்கு, கொண்டுபோய்விட முடியுமா? இதே கேள்வியைத் தம்புச் செட்டித் தெருவின் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களிலும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் துணி மொத்த வியாபாரக் கடைகளிலும் கேட்டிருக்கிறேன். ஆகவே யார்டுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இக்கட்டுரையில் கன்டெய்னர் என்றால் துறைமுகத்திலிருந்து டிரெய்லரில் வரும் இரும்புப் பெட்டி மட்டுமே. மென்பொருளைக் கட்டி அனுப்பும் கன்டெய்னரைச் சொல்ல வேண்டிய இடத்தில் டாக்கர் என்று சொல்லிவிடுகிறேன். யார்டுக்காரர்களோடு பேசும்போது இந்தக் குழப்பத்திலேயே அரை மணி நேரம் போய்விடுவதுண்டு.

நிரல் செய்யும் வேலை சிக்கலானதன்று. கன்டெய்னர் கேட்டுக்குள் வந்த நேரம் பதிவாகும். எடை மேடையின் எண் சீரியல் போர்ட் வழியாகத் திரையில் விழும். பெட்டி வெளியே போகும் நாளில், கட்டணமில்லா நாட்களைக் கழித்து, மீதி நாட்களுக்கு 20 அடி, 40 அடி என்ற அளவுக்கும் வாடிக்கையாளருக்கும் ஏற்ற படிநிலை விகிதத்தில் கிரவுண்ட் ரென்ட், அதாவது பெட்டி கிடந்த இடத்துக்கான வாடகை, கணக்கிடப்படும். அதோடு தூக்கி இறக்கும் கூலி, வரி ஆகியவை சேர்ந்து மூன்று படி கார்பன் தாளில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் பில் அச்சாகும். தரவு முழுவதும் ஒரே எம்.டி.பி. கோப்பில், அதாவது மைக்ரோசாஃப்ட் அக்சஸின் பழைய வடிவத்தில், பில் கவுன்டர் கணினியில் கிடக்கிறது. கேட் கணினியும் கணக்கர் கணினியும் அலுவலக உள்வலையான லேன் வழியாக அதையே திறந்து எழுதுகின்றன. மாத அறிக்கைகள், வி.பி.6 குறுந்தகட்டிலேயே வந்த கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸில் செய்யப்பட்டவை.

ஏன் மாற்ற வேண்டும் என்பதற்குப் பலரும் சொல்லும் காரணம் தவறானது. வி.பி.6 செத்துவிட்டது, இனி ஓடாது என்பார்கள். நிரல் எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது உண்மை. ஆனால் எழுதி முடித்த நிரலை ஓட்டும் ரன்டைம் விண்டோஸ் 11 வரை ஆதரவோடு வருகிறது. ஓடுமா என்பது கேள்வியே அன்று. உண்மையான நெருக்கடிகள் வேறு இடங்களிலிருந்து வருகின்றன. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்பில், அதாவது ஜி.எஸ்.டி.க்கான இ-இன்வாய்ஸ், அரசுத் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற நிறுவனமானால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தடம் இருக்க வேண்டும், அத்தடத்தை அணைத்துவைக்க முடியாததாகவும் இருக்க வேண்டும்; எம்.டி.பி. கோப்பை யார் வேண்டுமானாலும் அக்சஸில் திறந்து எண்ணை மாற்றிவிடலாம் என்ற நிலை இந்த விதியோடு ஒத்துப்போகாது. கணக்கின் நகல் இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் எடுக்கப்பட வேண்டும் என்பது 2022 ஆகஸ்டிலிருந்து உள்ள விதி. எம்.டி.பி. கோப்பு 2 ஜிகாபைட்டுக்கு மேல் வளராது. இவற்றோடு டிசம்பர் மழையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆக, ஒன்றும் செய்யாமல் விடுவது என்ற முதல் வழி இந்த யார்டுக்கு மூடிவிட்டது. விற்றுமுதல் குறைந்த, கூட்டுத் தொழிலாக நடக்கும் சிறிய கடைக்கு அவ்வழி இன்னும் திறந்தே இருக்கிறது. அத்தகைய கடைக்காரர் நாள்தோறும் நகல் எடுத்து மாடியிலோ வேறு ஊரிலோ வைத்துவிட்டு இக்கட்டுரையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

இரண்டாவது வழி, கணினியை அப்படியே கிளவுடில் ஏற்றுவது. விண்டோஸ் மெய்நிகர் கணினி ஒன்றை வாடகைக்கு எடுத்து, நிரலையும் எம்.டி.பி.யையும் அதற்குள் வைத்து, யார்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பயன்படுத்தலாம். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஜூருக்கு 2015 முதல் சென்னையிலேயே தரவு மையம் உண்டு. அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும் ஐதராபாத்தில் 2022 முதலும் உண்டு. நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம் என்பதும், இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்பதும் இதன் பலம். வெள்ளத்திலிருந்து தப்பலாம், ஆனால் திருத்தத் தடமும் மின்பில்லும் வந்துவிடா. சீரியல் போர்ட்டையும் டாட் மேட்ரிக்ஸையும் ரிமோட் டெஸ்க்டாப் வழியே கடத்த முடியும் என்றாலும், இணையம் ஒரு நொடி விட்டுப்போனால் பாதி அச்சடித்த பில் தாளிலேயே நின்றுவிடும். இவ்வழியில் ஒரு கண்ணி இருக்கிறது: பணம் மிச்சம் என்று நினைத்து எம்.டி.பி. கோப்பை மட்டும் கிளவுடில் வைத்து, நிரலை யார்டுக் கணினிகளில் ஓட்டுவோர் உண்டு. இந்தத் தரவுத்தளம் தனிச் சர்வராக இயங்குவதன்று; ஒவ்வொரு கணினியும் கோப்பின் பக்கங்களை நேரடியாகத் திறந்து எழுதுகிறது. எழுதும் நடுவில் தொடர்பு அறுந்தால் கோப்பு சிதையும். அலுவலக லேனில் இருபது ஆண்டுகள் பிழைத்த கோப்பு, நீண்ட தூர இணைப்பில் ஒரு மாதம் பிழைப்பதே அரிது.

மூன்றாவது வழிதான் உரிமையாளர் கேட்டது. சர்வர்லெஸ் என்பதை யார்டு மொழியில் இப்படிச் சொல்லலாம்: சர்வர் வாடகை என்பது டிரெய்லரை ஓட்டுநரோடு மாத வாடகைக்கு வைத்துக்கொள்வது; சர்வர்லெஸ் என்பது டிரிப் கணக்கில் எடுப்பது. அழைப்பு வந்தால் ஃபங்ஷன் எனப்படும் நிரல் துண்டு ஒன்று எழுந்து, வேலையை முடித்து, அடங்கிவிடும். ஓடிய நேரத்துக்கும் பிடித்த நினைவகத்துக்கும் மட்டுமே காசு. அமேசானின் சர்வர்லெஸ் சேவையான லாம்டா 2014இல் அறிவிக்கப்பட்டது. அஜூர் ஃபங்ஷன்ஸ் 2016இல் முழுப் பயன்பாட்டுக்கு வந்தது. லாம்டாவில் மாதம் 10 லட்சம் அழைப்புகளும், 4 லட்சம் ஜிகாபைட் விநாடிகளும் (பிடித்த நினைவகத்தை ஓடிய நேரத்தால் பெருக்கிய கணக்கு) இலவசம். அதற்கு மேல் 10 லட்சம் அழைப்புக்கு 0.20 டாலரும் ஓடிய நேரத்துக்குத் தனிக் கட்டணமும் உண்டு. யார்டில் நாளொன்றுக்கு 400 பில்கள், பில்லுக்குப் பத்து அழைப்புகள், ஒவ்வொன்றும் அரை ஜிகாபைட் நினைவகத்தில் ஒரு விநாடி ஓடுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், மாதம் 1,20,000 அழைப்புகளும் 60,000 ஜிகாபைட் விநாடிகளும்தான் ஆகின்றன. இலவச எல்லையில் ஆறில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. இந்தக் கணக்கைத்தான் விற்பனையாளர்கள் காட்டுகிறார்கள். இது சரியான கணக்குதான்.

காட்டாமல் விடும் கணக்கும் உண்டு. ஃபங்ஷன் அடங்கிவிடலாம், தரவுத்தளம் அடங்காது, வழக்கமான எஸ்.கியூ.எல். தரவுத்தளம் ஒன்றை வாடகைக்கு எடுத்தால் இரவும் பகலும் அதற்குக் காசு ஓடும். இன்னொன்று, நான் எதிர்பாராமல் சந்தித்தது. மின்பில் தளத்தோடு நேரடியாக இணைய விரும்பினால் நிலையான ஐ.பி. முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். ஃபங்ஷனுக்கு நிலையான முகவரி கிடையாது. அது எந்த இயந்திரத்தில் எழுகிறதோ அதன் முகவரியில் வெளியே போகும். அதற்கு நிலையான முகவரி கொடுக்க வழக்கமாகச் செய்வது, தனி வலையமைப்புக்குள் அதைக் கட்டி, நாட் கேட்வே என்ற வாயில் வழியாக வெளியே விடுவது. வாயிலுக்கு மணிக்கணக்கில் கட்டணம். அமேசானின் அமெரிக்க வர்ஜீனியா மைய விலையான மணிக்கு 0.045 டாலரில் பார்த்தாலே மாதம் ஏறத்தாழ 33 டாலர் ஆகிறது, மும்பையில் இன்னும் சற்றுக் கூடுதல். ஓடும்போது மட்டும் காசு என்று ஆரம்பித்து, ஓடாதபோதும் காசு கொடுக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறோம். உரிமம் பெற்ற இடைநிலை நிறுவனம் வழியாக மின்பில் அனுப்பினால் இந்தச் செலவைத் தவிர்க்கலாம். அவர்களுக்குத் தனிக் கட்டணம் தர வேண்டியிருக்கும்.

செலவை விடப் பெரியது நிரலின் சுபாவம். மேசைக் கணினிக் காலத்து நிரல் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டே நடக்கும். காலையில் உள்நுழைந்தவர் யார் என்பது பொது மாறி ஒன்றில் மாலை வரை இருக்கும். திறந்த தரவுத்தள இணைப்பு திறந்தபடியே இருக்கும். பில் திரையில் வாடிக்கையாளரைத் தேர்ந்தவுடன் அவருடைய விகிதம் இன்னொரு திரையின் மறைந்த பெட்டியில் போய் உட்காரும். கணக்கிடும் பொத்தான் அங்கிருந்து அதை எடுக்கும். ஃபங்ஷனோ டிரிப் ஓட்டுநரைப் போன்றது. போன நடையில் என்ன ஏற்றினோம் என்று அவரைக் கேட்க முடியாது. சில வேளைகளில் முந்தைய நினைவு எஞ்சியிருக்கவும் செய்யும், ஏனெனில் லாம்டா ஒரே சூழலை அடுத்த அழைப்புக்கும் பயன்படுத்தலாம். இது நன்மைபோலத் தோன்றும் ஆபத்து. பொது மாறியில் போன வாடிக்கையாளரின் விகிதம் அப்படியே கிடந்து, அடுத்தவர் பில்லில் ஏறிவிடும். சோதனையில் ஒருமுறையும் தெரியாது, கூட்டம் அதிகமான நாளில் மட்டும் தெரியும்.

பில் எண்ணைப் பாருங்கள். பழைய நிரல், இருப்பதில் பெரிய எண்ணை எடுத்து ஒன்று கூட்டிப் புதிய எண்ணாக வைக்கிறது. பில் போடும் கவுன்டர் ஒன்றே என்பதால் இருபது ஆண்டுகளாக இது தவறவில்லை. ஃபங்ஷன்கள் ஒரே நேரத்தில் பல எழும். இரண்டு அழைப்புகள் ஒரே பெரிய எண்ணைப் படித்து ஒரே பில் எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும். ஜி.எஸ்.டி. விதி 46இன்படி பில் எண் 16 எழுத்துகளுக்கு மிகாமல், நிதியாண்டுக்குள் தனித்ததாக, தொடர் வரிசையில் இருக்க வேண்டும். தரவுத்தளத்தின் தானியங்கி எண்ணை நம்பினால் இரட்டிப்பு வராது, ஆனால் தோல்வியுற்ற ஒவ்வொரு முயற்சியும் ஓர் எண்ணை விழுங்கி வரிசையில் ஓட்டை போடும். தணிக்கையின்போது ஒவ்வோர் ஓட்டைக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். எண்ணுக்கென ஒரு வரிசையைத் தனி அட்டவணையில் வைத்து, பில்லைப் பதியும் அதே பரிவர்த்தனைக்குள் அதைப் பூட்டி, கூட்டி, விடுவிப்பதே சரியான முறை. இது தெரியாதவரிடம் மாற்றும் வேலையைக் கொடுக்கக் கூடாது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

அடுத்து, பிழை வந்தாலும் அடுத்த வரிக்குப் போ என்று சொல்லும் அந்தப் பழைய ஆணை. எங்கள் நிரலில் அது எத்தனை இடங்களில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க எனக்கே துணிவில்லை. மேசைக் கணினியில் அதனால் பெரும்பாலும் ஒரு கட்டம் காலியாக நிற்கும், கிளார்க் பார்த்துத் திரும்ப அடிப்பார். ஃபங்ஷனில் பார்ப்பவர் யாரும் இல்லை. பிழையை விழுங்கிய ஃபங்ஷன் வெற்றி என்று பதில் சொல்லிவிடும். மாறாகப் பிழையை வெளியே சொன்னால், பின்னணியில் விடப்பட்ட அழைப்பை லாம்டா மேலும் இரண்டு முறை முயலும். ஒரே வேலை மூன்று முறை நடந்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்படி எழுதப்படாத நிரலுக்கு, இந்த உதவி உபத்திரவமாகும்.

கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸையும், விண்டோஸ் திரைகளில் பொருத்தும் ஆக்டிவ் எக்ஸ் துண்டுகளையும் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. லாம்டா லினக்ஸில் ஓடுகிறது, அங்கே அவற்றுக்கு இடமில்லை. அஜூரின் விண்டோஸ் வகையிலும் திரை வரையும் கட்டளைகள் பெரும்பாலும் தடுக்கப்பட்டிருப்பதால் அவை பயன்படா. அறிக்கைகளை எப்படியும் புதிதாகத்தான் எழுத வேண்டும். மாதக் கடைசியில் பல நிமிடம் ஓடும் அறிக்கை ஒன்று இருந்தால் இன்னொன்றையும் நினைவில் கொள்க: லாம்டா 15 நிமிடம் வரை ஓடும் என்றாலும், அதன் முன்னால் நின்று வெளி அழைப்புகளை வாங்கிக் கொடுக்கும் ஏ.பி.ஐ. கேட்வே வழக்கமாக ஏறத்தாழ 30 விநாடியில் கைவிட்டுவிடும்.

சர்வர்லெஸ் பக்கம் நிற்பவர்கள் சொல்லாத இன்னொன்று பராமரிப்பு. 2002இல் கட்டிய எங்கள் நிரல் எக்ஸ்பி, 7, 10, 11 என்று விண்டோஸ் மாறிய ஒவ்வொரு முறையும் பெரிதாகத் தொடப்படாமல் ஓடியது. லாம்டாவில் மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான .நெட் 6 கொண்டு எழுதியவர்கள், 2021 நவம்பரில் வந்த அந்தப் பதிப்புக்கு 2024 நவம்பரில் ஆதரவு முடிந்ததால் மூன்றே ஆண்டில் அடுத்த பதிப்புக்கு மாற வேண்டியிருந்தது; .நெட் 8க்கும் 2026 நவம்பர்தான் கெடு. மாற்றம் ஒவ்வொன்றும் சிறியதுதான், ஆனால் செய்ய ஆள் வேண்டும். நிரலாளரை ஆண்டுக்கு ஒருமுறை ஆயுத பூஜையன்று மட்டும் கூப்பிட்டுப் பழகிய அலுவலகத்துக்கு இது புதிய வாழ்க்கை முறை. அதன் செலவையும் ஒப்பீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நான்காவது வழியைப் பலர் பழசு என்று ஒதுக்குகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே வலைச் செயலியாகத் திருப்பி எழுதி, டாக்கரில் கட்டி, ஒரு சிறிய லினக்ஸ் சர்வரில் ஓட்டுவது அது. பில் எண், உள்நுழைவு, தரவுத்தள இணைப்பு ஆகிய மூன்று தலைவலிகளும் இங்கே பாதியாகக் குறையும், ஏனெனில் நிரல் ஓரிடத்தில் தொடர்ந்து ஓடுகிறது, நிலையான ஐ.பி. முகவரி கூடுதல் சிரமமின்றிக் கிடைக்கும். மாதச் செலவு முன்கூட்டியே தெரியும். ஒரு யார்டு, ஐந்தாறு கணினிகள் என்ற அளவுக்கு, திடீரென ஆயிரம் மடங்கு பெருகும் கூட்டத்தைச் சமாளிக்கும் திறன் எதற்கு? கப்பல் இரண்டு ஒன்றாக வந்தாலும் கேட் ஒன்றுதான், டிரெய்லர் ஒவ்வொன்றாகத்தான் நுழையும். முழுவதையும் மாற்றியே தீர வேண்டும் என்றால், முழு சர்வர்லெஸை விட இதையே நான் தேர்வேன். இதன் குறை, திருப்பி எழுதி முடியும்வரை ஒரு பயனும் கைக்கு வராது என்பது. ஆறு மாதம் என்று தொடங்கிய இத்தகைய வேலை ஒன்று மூன்றாம் ஆண்டில் கைவிடப்பட்டதை வேறோர் அலுவலகத்தில் அருகிருந்து பார்த்திருக்கிறேன். அதற்குள் விதிகளும் இரண்டு முறை மாறிவிட்டிருந்தன.

யார்டுக்கு நான் சொன்னது ஐந்தாவது வழி. நிரலை நினைவு வைத்திருக்கும் பகுதி, கணக்கு மட்டும் போடும் பகுதி என்று பிரித்து, பின்னதை மட்டும் ஃபங்ஷனாக்குவது. திரை, எடை மேடை, பிரின்டர், கேட் பதிவு ஆகியவை யார்டுக் கணினியிலேயே இருக்கட்டும். மெட்ரோ வேலைக்கோ கேபிளுக்கோ சாலையைத் தோண்டி இணையம் அறுந்தாலும், டிரெய்லர் கேட்டில் நிற்கக் கூடாது. அது நின்றால் பின்னால் சாலையே நிற்கும். தரவை முதலில் எம்.டி.பி.யிலிருந்து சரியான எஸ்.கியூ.எல். தரவுத்தளத்துக்கு மாற்ற வேண்டும். யார்டிலேயே, தண்ணீர் எட்டாத முதல் மாடியில் ஓடும் சர்வரில் வைத்து, நாள்தோறும் நகலைச் சென்னை அல்லது மும்பை மையத்துக்கு அனுப்பினால் போதும். திருத்தத் தடத்தையும் இந்தப் படியிலேயே அமைத்துவிடலாம். வி.பி.6 நிரல் இந்தத் தரவுத்தளத்தோடும் பேசும். சில நூறு வரிகள் மாற வேண்டியிருக்கும்.

பிறகு முதல் ஃபங்ஷன், மின்பில். இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மின்பில்லுக்கான மறையாக்க வேலைகளை வி.பி.6இல் எழுதுவது பெரும் பாடு. புதிய மொழிகளில் சில வரிகள். அதைவிட முக்கியமாக, மின்பில் எண் என்பது விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்து பிறக்கும் 64 எழுத்துக் குறி. ஒரே பில்லைத் தவறி இரண்டு முறை அனுப்பினாலும் தளம் இரண்டாவதை நகல் என்று சொல்லித் திருப்பிவிடும். மறுமுயற்சியைப் பற்றி முன்னே சொன்ன பயம் இங்கே இல்லை. காப்பு விதியிலேயே அமைந்திருக்கிறது. பில் எண்ணை யார்டுக் கணினி கொடுக்கும், ஃபங்ஷன் பதிந்து வரும். வலைச் சேவைகள் வழக்கமாகப் பதில் தரும் ஜேசன் வடிவத்தைப் படிக்கும் வசதி வி.பி.6 நிரலுக்குள் இல்லாததால், ஃபங்ஷனின் பதிலை இடையிடையே கோடு போட்டுப் பிரித்த சாதாரண உரையாக வாங்கிக்கொள்வது எளிது. கணினி விண்டோஸ் 7 ஆக இருந்தால், இணையத் தொடர்பை மறைத்துக் காக்கும் டி.எல்.எஸ். 1.2 இயல்பாக வராது என்பதைக் கவனிக்க வேண்டும். யார்டில் அந்த ஒரு கணினியை மாற்றச் சொல்லிவிட்டேன். கியூ.ஆர். குறி டாட் மேட்ரிக்ஸில் தெளிவாக விழாது என்பதால், மின்பில்லுக்கு மட்டும் லேசர் பிரின்டர். கார்பன் படி கேட் பாஸுக்குத் தொடரும். ஓட்டுநர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

இரண்டாவது ஃபங்ஷன் கிரவுண்ட் ரென்ட். கேட்டுக்குள் வந்த நாள், போன நாள், அளவு, வாடிக்கையாளர் வகை ஆகியவற்றைக் கொடுத்தால் தொகை வரும். வேறெதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. கிளியரிங் ஏஜென்ட்கள் கைப்பேசியிலிருந்தே இன்றைக்கு எடுத்தால் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ள முடிந்தால், பில் கவுன்டருக்கு வரும் தொலைபேசி பாதியாகும். இது சிறியதாகத் தோன்றினாலும், முழு வேலையிலும் மிகக் கவனமாகச் செய்ய வேண்டியது இதுதான், ஏனெனில் பழைய நிரலின் பழக்கங்கள் எல்லாம் இங்கே ஒளிந்திருக்கின்றன.

முதல் பழக்கம் நள்ளிரவு. இரவில்தான் டிரெய்லர்கள் அதிகம் வந்து போகின்றன. லாம்டாவின் கடிகாரம் இயல்பாக உலகப் பொது நேரத்தில் ஓடும். 5ஆம் தேதி அதிகாலை 3 மணிக்கு உள்ளே வந்த பெட்டி அதன் கணக்கில் 4ஆம் தேதி இரவு 9.30க்கு வந்தது. நள்ளிரவுக்கும் காலை 5.30க்கும் இடையில் வந்த ஒவ்வொரு பெட்டிக்கும் கட்டணமில்லா நாள் ஒன்று காணாமல் போகும், வாடிக்கையாளர் ஒரு நாள் வாடகை அதிகமாகக் கட்டுவார். கடிகாரத்தைச் சரிசெய்தாலும் நாள் எண்ணும் முறை மாறக்கூடும். வி.பி.6இன் நாள் வித்தியாசக் கட்டளை எத்தனை நள்ளிரவுகளைத் தாண்டினோம் என்று எண்ணும். புதிய மொழிகளில் நேரத்திலிருந்து நேரத்தைக் கழித்தால் எத்தனை முழு 24 மணி நேரம் என்று வரும். இரவு 11 மணிக்கு வந்து மறுநாள் காலை 6 மணிக்குப் போன பெட்டிக்கு முன்னதில் ஒன்று, பின்னதில் பூஜ்யம்.

இரண்டாவது, பைசா. வி.பி.6இன் ரவுண்ட் கட்டளை, சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும், அதே வி.பி.6இன் ஃபார்மட் கட்டளை மேல் எண்ணுக்குக் கொண்டுபோகும். 2,125 ரூபாய்க் கட்டணத்துக்கு 18 சதவீத வரி 382.50 ஆகிறது, முன்னதில் 382, பின்னதில் 383. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170ஆம் பிரிவு 50 பைசாவும் அதற்கு மேலும் ரூபாயாக உயர வேண்டும் என்கிறது, ஆக 383தான் சரி. எங்கள் நிரலில் சேமிக்கும் இடத்தில் ஒரு கட்டளையும் அச்சிடும் இடத்தில் மற்றதும் இருந்ததை, இந்த வேலைக்காகத் தோண்டியபோதுதான் கண்டேன். பாதகமில்லாத ஒரு ரூபாய்தான். ஆனாலும் கணக்கர் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் தேடித் தேடிச் சலித்த வித்தியாசம் அதுவே. ஜாவாஸ்கிரிப்ட் மேலே தூக்கும், சி ஷார்ப்பும் பைத்தானும் சொல்லாவிட்டால் இரட்டைக்குப் போகும். மொழியைத் தேர்ந்தபின் இதை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். பணத்தைத் தசம வகையில் வைக்காமல் சாதாரணப் பின்ன எண்ணில் வைப்பது அதைவிடப் பெரிய தவறு.

மூன்றாவது, தமிழ். வி.பி.6 திரைகள் யூனிகோட் அறியாதவை. டிரான்ஸ்போர்ட் பெயர்களையும் ஓட்டுநர் பெயர்களையும் தமிழில் காட்ட, அக்காலத்தில் எழுத்துருவை மாற்றித்தான் வேலை செய்தோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பரிந்துரைக்கப்பட்ட டாம், டாப் குறியாக்கங்களில் ஒன்று எங்கள் தரவில் இருக்கிறது, இடையில் சேர்ந்த சில வரிசைகளில் வேறு எழுத்துரு இருக்கிறது. கோப்பில் கிடப்பது ஆங்கிலச் சின்னங்கள்போல் தோன்றும் குப்பை. எழுத்துரு இல்லாமல் ஃபங்ஷன் அதை அப்படியே வெளியே அனுப்பும். தரவுத்தளத்தை மாற்றும் அன்றே இவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும், பிறகு செய்துகொள்ளலாம் என்று விடக் கூடாது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கும் பழைய முறையைத் தானியங்கி மாற்றி சரியாகக் கையாளுகிறதா என்று, பெயர்களை அறிந்த ஒருவர் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

இவை சரியாக இருக்கின்றனவா என்று அறிய நாங்கள் வைத்துக்கொண்ட சோதனை எளியது. ஏற்கெனவே போட்ட பழைய பில்களை எடுத்து, அவற்றின் உள்ளீடுகளைப் புதிய ஃபங்ஷனுக்குக் கொடுத்து, அன்றைய தொகையோடு ஒப்பிடுவது. வேறுபட்ட ஒவ்வொரு பில்லுக்கும் பழையது தவறா, புதியது தவறா என்று உரிமையாளரும் கணக்கரும் கையெழுத்திட்டு முடிவு செய்தார்கள். சில இடங்களில் பழைய தவறையே வைத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர் அந்த முறையில்தான் ஒப்பந்தம் போட்டிருக்கிறார் என்பது காரணம்.

மூன்றாவது ஃபங்ஷனாக மாத அறிக்கைகளை இரவில் பி.டி.எஃப்.ஆக்கி அனுப்புவதைச் சேர்க்கலாம். அதற்குமேல் இப்போதைக்குப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. பில் போடும் திரையை வி.பி.6இல் விடுவது சிலருக்கு அரைகுறையாகத் தெரிகிறது, அது உண்மைதான். நிரல் எழுதும் பழைய கருவியை நிறுவிய கணினி ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அதைத் திறக்கத் தெரிந்தவர் நான் ஒருவனே என்ற நிலையும் நல்லதன்று. உரிமையாளர் காட்டுப்பள்ளிப் பக்கம் இரண்டாவது யார்டு எடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்; அது கூடிவந்தால், இரண்டு கேட்டுக்கும் ஒரே தரவு தேவைப்படும் அன்று, நான்காவது வழியான வலைச் செயலியைத் தொடங்கிவிடலாம். கிரவுண்ட் ரென்ட், மின்பில் ஃபங்ஷன்கள் இரண்டும் அப்போதும் மாறாமல் அப்படியே அழைக்கப்படும்.

தரவுத்தள மாற்றத்துக்குப் பொங்கல் விடுமுறையைக் குறித்திருக்கிறோம். அதற்குமுன் மழைக்காலம் ஒன்று வருவதால், கணினியை மாடிக்கு ஏற்றும் வேலையை மட்டும் இந்த வாரமே முடிக்கச் சொல்லியிருக்கிறேன்.